குசினி வாசல்

வேலூரில் சாமியார்கள் நடத்திய ஆண்கள் ஹைஸ்கூலில் படித்துப் பேர் எடுத்தவர்கள் யார் யார் என்று கேட்டால், பழைய ஆட்கள் மூன்று பேரைச் சொல்வார்கள். ஜில்லா முன்சீப்பாக இருந்த காசிநாதன். ஆம்பூரில் தோல் ஷாப்பு நடத்தி லண்டன் வரைக்கும் பதனிட்ட தோல் அனுப்பிய மக்பூல் அகமது சாயபு. மூன்றாவதாக, ரைட்டர் தானியேல். மூன்று பேரும் ஒரே வருஷம் மெட்ரிகுலேஷன் தேறியவர்கள். முதல் இரண்டு பேரைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, மூன்றாவது பேருக்கு வந்ததும் குரலைக் கனிய வைத்துக்கொள்வார்கள். பாவம், குசினியில் கிடந்து படித்து மேலே வந்தவர் என்பார்கள். அந்தக் கனிவைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தானியேல் என் பெரியப்பா. என் அம்மாவின் அக்காள் அன்னம்மாளின் புருஷன். அவர் குசினியிலிருந்து எப்படி மேலே வந்தார் என்பதும், அதற்கப்புறம் அந்தக் குசினி அவரை எப்படி விடாமல் துரத்தியது என்பதும் எனக்குத் தெரியும். கனிவாகப் பேசுகிறவர்களுக்கும் பாதி தெரியும். மீதியைக் கேட்க அவர்களுக்கு நேரம் இருக்காது.

பெரியப்பா பிறந்தது ஆம்பூர்ச் சேரியில். அவருடைய அப்பா தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கித் தோல் புரட்டுகிறவர். கால் விரல் நகமெல்லாம் சுண்ணாம்பு தின்று போய், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூட நொண்டிக்கொண்டுதான் வருவாராம். மாதம் ஒருமுறை வேலூரிலிருந்து பூசை வைக்க வந்த பிரெஞ்சுக்காரச் சாமியார் ஒருவருக்குத் தாடி நெஞ்சு வரைக்கும் இருக்கும். தாடிச் சாமியார் என்றே பேர். கோயிலின் கடைசியில், சேரிக்காரர்களுக்கென்று போட்ட கிராதித் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு, லத்தீன் ஜெபத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்ன பையனை அவர் கவனித்துவிட்டார். இவனைப் படிக்க வைக்கிறேன், அனுப்பு என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா அனுப்பினார். இது ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறுகளில் நடந்தது.

அனுப்பினது சரி, உட்கார வைப்பது எங்கே? அந்த ஹைஸ்கூலில் படித்தவர்கள் ஊர்த்தெருக் கிறிஸ்தவர்கள், இந்துக்கள், கொஞ்சம் சாயபு வீட்டுப் பிள்ளைகள். சேரிப் பையன் பெஞ்சில் உட்கார்ந்தால் அடுத்த நாள் பாதி வகுப்பு காலியாகிவிடும் என்று ஊர்த்தெருப் பெரியவர்கள் முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். ஞானஸ்நானத் தண்ணீர் எல்லார் தலையிலும் ஒன்றுபோலத்தான் விழுந்தது. கீழே வழியும்போது மட்டும் தெருத் தெருவாகப் பிரிந்துகொண்டது. தாடிச் சாமியார் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். வெள்ளைக்காரச் சாமியார்கள் தங்கிய பங்களாவின் சமையல்கட்டுக்குக் குசினி என்று பேர். அங்கே மாட்டுக்கறி வேகும் என்பதால் மேல்சாதிக்காரன் எவனும் வேலைக்கு வரமாட்டான். எங்கள் ஆட்கள்தான் காலங்காலமாகக் குசினிக்காரர்கள். விடுதிப் பையன்களுக்கு வேறு சமையல், வேறு சமையல்காரர். ஆகவே சேரிப் பையன் ஒருவன் குசினி வாசல் வழியாகப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

அப்படித்தான் பெரியப்பா ஹைஸ்கூலில் சேர்ந்தார். பேருக்குக் குசினிப் பையன். வகுப்பு நேரத்தில் பங்கா இழுக்கிற வேலை. வகுப்பின் கூரையில் தொங்கும் துணிப் பங்காவின் கயிறு, சுவரில் போட்ட ஓட்டை வழியாகப் பின்பக்கத்துத் தாழ்வாரத்துக்கு வரும். அங்கே தரையில் உட்கார்ந்து கயிற்றை இழுத்துக்கொண்டே, அந்த ஓட்டை வழியாகக் கணக்கும் சரித்திரமும் இங்கிலீஷும் கேட்டுக்கொள்ள வேண்டும். கரும்பலகை தெரியாது. அதைச் சாயங்காலம் குசினியில் காய் நறுக்கும் பலகை மேல் தாடிச் சாமியார் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிக் காட்டுவார். கோழி உரிக்க ஆள் இல்லையென்றால் நடுவில் கூப்பிட்டுவிடுவார்கள். அன்றைக்கு நடந்த பாடம் போனது போனதுதான். கயிறு கொஞ்சம் தளர்ந்தால் உள்ளேயிருந்து எவனாவது ஓட்டை வழியாகச் சாக்குக்கட்டி எறிவான். மக்பூல் அகமது எறிந்ததில்லை. அதை மட்டும் பெரியப்பா மறக்காமல் சொல்வார்.

கடைசி வகுப்பில் பரீட்சைக்குப் பேர் அனுப்பும்போது தாடிச் சாமியார் யாரிடமும் சொல்லாமல் தானியேல் பேரையும் சேர்த்து அனுப்பிவிட்டார். பரீட்சை நடந்தது வேறு ஊரில். யாருக்கும் யாரையும் தெரியாத மண்டபம். பெரியப்பா வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெஞ்சில் உட்கார்ந்தது அங்கேதான். உட்கார்ந்ததும் இடது கை தன்னால் கயிற்றைத் தேடியதாம். முடிவு வந்தபோது அந்தப் பள்ளியில் தேறியவர்கள் மூன்றே பேர். மக்பூல் அகமது குசினிக்குள்ளேயே வந்து கட்டிப் பிடித்துக்கொண்டார். அன்று மத்தியானம் பள்ளியில் விருந்து. தேறினவன் நீயும் வந்து உட்கார் என்று தாடிச் சாமியார் கையைப் பிடித்து மண்டபத்துக்குள் இழுத்துக்கொண்டு போனார். இவர் உள்ளே கால் வைத்ததும் விடுதிப் பையன்கள் சாப்பிட்ட இலையோடு எழுந்து நின்றுவிட்டார்கள். பெரியப்பா திரும்பிக் குசினிக்கு வந்து, சாமியார்களுக்குச் சாப்பாடு எடுத்து வைத்து, தட்டுக் கழுவினார்.

அப்புறம் காலேஜ் என்று தாடிச் சாமியார் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். பெரியப்பா ஆம்பூருக்குத் திரும்பினார். மக்பூலின் வாப்பா தம்முடைய தோல் ஷாப்பில் இங்கிலீஷ் கடிதம் எழுதுகிற ரைட்டராக அவரை வைத்துக்கொண்டார். முதல் நாளே உட்கார நாற்காலி போட்டார்கள். சாயபு வீட்டில் கிடைத்த நாற்காலி சாமி வீட்டில் கிடைக்கவில்லையே என்று நான் ஒருமுறை கேட்டேன். சிரித்தார். குழியில் தோல் புரட்டிக்கொண்டிருந்த அவருடைய அப்பா, மகன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவாராம்.

அன்னம்மாள் பெரியம்மா கல்யாணத்துக்கு முன்னால் அதே ஷாப்பில் தோல் பதனிட ஆவாரம்பட்டை இடித்தவள். எழுத்து வாசனை கிடையாது. பக்தி என்றால் அப்படி ஒரு பக்தி. ஜெபமாலை இல்லாமல் அவள் கையை நான் பார்த்ததில்லை. மூன்று பிள்ளைகளைப் பெற்று, மூன்றையும் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் கொடுத்தாள். நான்காவது அருளப்பன். இந்தப் பிள்ளை பிழைத்துத் தக்கினால் இவனைச் சாமியார்களிடம் படிக்க விடுகிறேன் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். பிள்ளை தக்கியது. அவனுக்குப் பத்து வயசு ஆனபோது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றில், வேலூர்ப் பள்ளிக்குப் பெரிய மாடிக் கட்டடம் எழும்பி, அதை மந்திரித்துத் திறந்துவைக்க மேற்றிராணியார் வரப்போகிறார் என்று செய்தி வந்தது. பிஷப்பை, ஆயர் அவர்களை, எங்கள் ஆட்கள் அப்போது அப்படித்தான் சொல்வார்கள்.

பள்ளியின் புது ரெக்டர் சாமியார் எங்கள் சேரிக்கே வந்துவிட்டார். நான் அப்போது வயசுக்கு வந்த பெண். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாம் கேட்டேன். விழா மேடையில் பழைய மாணவர்களில் பேர் பெற்ற மூன்று பேரை மேற்றிராணியாருக்குக் காட்டப் போகிறோம், முன்சீப் வருகிறார், மக்பூல் சாயபு வருகிறார், தானியேல் அவசியம் வரவேண்டும், இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார். பெரியப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. வருகிறேன் சாமி என்று சொல்லிவிட்டு, தம்முடைய மகனுக்கு விடுதியில் ஒரு இடம் வேண்டும், படிப்புச் சம்பளம் முழுசாகக் கட்டிவிடுகிறேன் என்று கேட்டார். ரெக்டர் சந்தோஷமாகத் தலையாட்டினார். பெரியம்மா மாதா படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். அப்புறம்தான் ரெக்டர் மீதியைச் சொன்னார். விடுதியில் இல்லை, தம்முடைய பங்களாக் குசினியில். காலம் இன்னும் மாறவில்லை, பெற்றோர்கள் சம்மதிக்கமாட்டார்கள், கட்டடத்துக்குப் பணம் கொடுத்தவர்களே அவர்கள்தான். ஆனால் கவலை வேண்டாம், வகுப்பைக் கேட்க வழி செய்யலாம்.

ரெக்டர் பெரியப்பா தோளைத் தட்டினார்.

"உன்னைப் போலவே வரட்டும், தானியேல். உனக்கு நன்மை செய்த வழி உன் மகனுக்கு ஆகாதா?"

நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல். கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தால் ஒரு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

மறுநாள் காலையில் புருஷனும் பெண்சாதியும் சண்டை போட்டார்கள். அதற்கு முன்னால் அவர்கள் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. விருந்தில் பையன்கள் இலையோடு எழுந்து நின்ற கதையைப் பெரியப்பா அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொன்னார். தேறின அன்றைக்கும் தட்டுக் கழுவினேன், என் பிள்ளை அதைச் செய்யக்கூடாது என்றார். பெரியம்மா விடவில்லை.

"கழுவுனா இன்னா? கழுவுனதுனாலதான் இன்னிக்கி நீங்க நாற்காலியில உக்காந்துருக்கீங்க. கழுவாதவங்கல்லாம் சுண்ணாம்புக் குழியில நிக்குறாங்க. எம்புள்ளைய எங்க நிறுத்தப் போறீங்க, அத சொல்லுங்க."

இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருந்தது, அதுதான் பேஜார். கடைசியில், மேற்றிராணியார் முன்னால் மேடையில் ஏற்றி மரியாதை செய்கிறார்கள் அல்லவா, அந்த மரியாதையை வைத்துக்கொண்டு அவரிடமே நேரில் கேட்டுப் பார்க்கிறேன் என்று பெரியப்பா சமாதானம் சொன்னார். பெரியம்மாவும் அதற்கு ஒத்துக்கொண்டாள். கேட்கிற விதமாகக் கேட்டுக் கெஞ்சினால் பெரியவர்கள் மனசு இளகும் என்று அவள் நம்பினாள்.

விழாவன்று நாங்கள் எல்லாரும் ரயிலேறி வேலூர் போனோம். புதுக் கட்டடம் சுண்ணாம்புப் பூச்சில் பளபளவென்று நின்றது. பெண்களுக்குக் கடைசியில் தட்டி கட்டி இடம் விட்டிருந்தார்கள். அங்கேயும் எங்களுக்கு ஓரம்தான். மேடையில் நடுவில் மேற்றிராணியார், பக்கத்தில் ரெக்டர், அப்புறம் முன்சீப் காசிநாதன், மக்பூல் சாயபு, கடைசி நாற்காலியில் பெரியப்பா. கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி விறைத்து உட்கார்ந்திருந்தார். பெரியம்மாவுக்குக் கண் கொள்ளவில்லை. உன் பெரியப்பனைப் பார்டி, பார்டி என்று என் தொடையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

முதலில் முன்சீப் பேசினார். பழைய கதையெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். அப்புறம் பெரியப்பா பக்கம் திரும்பி, எங்கள் பங்கா தானியேல் இதோ இருக்கிறான், நாங்கள் வேர்க்காமல் படித்ததே இவன் புண்ணியம், கயிறு இழுத்துக்கொண்டே எங்களோடு பாஸ் செய்துவிட்டான் என்றார். கூட்டம் ஆசையாகச் சிரித்தது. மேற்றிராணியாரும் சிரித்தார். ஏழைகளுக்கு இந்தப் பள்ளி கதவை அடைத்ததில்லை என்பதற்கு இவரே சாட்சி, இவருடைய மகனும் இதே வழியில் வரப்போகிறான் என்று ரெக்டர் எழுந்து அறிவித்தார். பெரியப்பா மேற்றிராணியாரிடம் கேட்பதற்கு முன்பே பையனைக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்களே.

பெரியப்பா எழுந்தார். இங்கிலீஷில் ஆரம்பித்தார். எனக்கு இங்கிலீஷ் பிற்பாடுதான் வந்தது, அன்றைக்குப் புரியவில்லை. என்ன பேசினார் என்பதை மக்பூல் சாயபு பின்னால் சொல்லித் தெரிந்துகொண்டேன். தாடிச் சாமியாருக்கு நன்றி சொல்லிவிட்டு, தரையில் உட்கார்ந்து கேட்ட பாடத்தையும், சாக்குக்கட்டி எறிந்ததையும், விருந்தில் எழுந்து நின்றதையும் ஒன்றுவிடாமல் சொன்னாராம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கூட்டம் கைதட்டியது. ஊர்த்தெருப் பெரியவர்களில் அந்த அளவுக்கு இங்கிலீஷ் தெரிந்தவர்கள் கம்மி. சேரிக்காரன் வாயில் இங்கிலீஷ் தண்ணீர் மாதிரி வருகிறதே என்றுதான் தட்டினார்கள். புரிந்தவர்கள் மேடையில் உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும். அவர்கள் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தாள்.

பெரியப்பா நிறுத்தினார். கைதட்டல் அடங்கும்வரை நின்றார். பிறகு தமிழில், எங்கள் தெருப் பேச்சிலேயே சொன்னார்.

"எம்புள்ளைக்கும் குசினியிலதான் எடம்னு சொல்றாங்க. ஏன்னு கேட்டா, நான் அப்படி வந்து நல்லா ஆயிட்டனாம். நான் கெட்டுப் போயிருந்தா ஒருவேள வேற வழி யோசிச்சிருப்பீங்க. எம்புள்ள மத்த புள்ளைங்களோட பெஞ்சில உக்காரணும். அதுக்கு எடமில்லனா இந்த மேடையில எனக்கும் வேலையில்ல."

இரண்டு கையும் கூப்பி மேற்றிராணியாரைக் கும்பிட்டார். அவர் ரெக்டரைப் பார்த்தார். ரெக்டர் பாண்டு வாத்தியக்காரர்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். வாத்தியம் தொடங்கிவிட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் பெரியப்பா படியிறங்கி வந்தார். மக்பூல் சாயபு பின்னாலேயே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் பொறுத்துத் தனியாகப் பேசியிருக்கலாமே தோஸ்த் என்றார். தனியாகப் பேசினால் தனியாகவே முடிந்துபோகும் பாய் என்றார் பெரியப்பா. ரயிலில் பெரியம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

பெஞ்சும் கிடைக்கவில்லை, குசினியும் போயிற்று. நன்றி கெட்டவன் என்று வேலூர் முழுக்கப் பேச்சு. பெரியம்மா ஒரு மாதத்துக்கு மேல் அவரோடு பேசவில்லை. அவருக்கு அவர் மானம்தான் ஜாஸ்தி, என் நேர்ச்சை என்ன ஆவது என்று என் அம்மாவிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். பெரியப்பா பையனைக் கூட்டிக்கொண்டு வேலூரில் பதிதர் பள்ளிக்கூடத்துக்குப் போனார். எங்கள் சாமியார்கள் புரொட்டஸ்டண்டுகளைப் பதிதர் என்பார்கள். வழிதப்பிப் போனவர்கள் என்று அர்த்தம். அங்கேயும் பெஞ்சு சும்மா கிடைத்துவிடவில்லை. அருளப்பன் உட்கார்ந்ததும் சில வீட்டுக்காரர்கள் பிள்ளைகளை நிறுத்தினார்கள். போகிறவர்கள் போகலாம் என்றுவிட்டார் அந்த ஹெட்மாஸ்டர். கொஞ்ச நாளில் பாதிப்பேர் திரும்பி வந்தார்கள்.

ஆனால் கத்தோலிக்கன் தன் பிள்ளையைப் பதிதர் பள்ளிக்கு அனுப்புவது பாவம். பிள்ளையை நிறுத்தும்வரை பெற்றவர்களுக்குப் பாவமன்னிப்பும் கிடையாது, நற்கருணையும் கிடையாது என்று மேலிடத்து உத்தரவு. ஆம்பூர்ப் பங்குச் சாமியார் தெற்கத்தித் தமிழர், சாது. அதை அவர் தயங்கித் தயங்கித்தான் வாசித்தார். பெரியப்பா தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். பெரியம்மாவுக்குத்தான் அது இடி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனாள். நற்கருணை அப்பத்தை நன்மை என்போம். அதை வாங்கும் நேரத்தில் மற்றவர்களோடு கிராதி ஓரம் முழங்காலில் நிற்பாள். சாமியார் வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்து, அவளிடம் வந்ததும் தாண்டி அடுத்தவளுக்குக் கொடுப்பார். அத்தனை பேரும் பார்ப்பார்கள். ஏன் போய் நின்று அவமானப்படுகிறாய் பெரியம்மா என்று கோபமாகக் கேட்டேன். ஒரு நாள் மறந்தாவது கொடுத்துவிடமாட்டாரா என்றாள். அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனைக்கும் நடுவில், பையனை நிறுத்திவிடுங்கள் என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. விடுமுறைக்கு வந்தால் அவனை உட்கார வைத்து, வகுப்பில் எந்தப் பெஞ்சு, பக்கத்தில் யார் என்று விசாரிப்பாள்.

இருபத்தேழாம் வருஷம் பெரியப்பாவுக்கு நெஞ்சு நோய் முற்றிவிட்டது. தோல் கிடங்குத் தூசியிலேயே வருஷக்கணக்காக உட்கார்ந்து எழுதியவர். நான் அப்போது நர்ஸ் வேலை கற்று முடித்திருந்தேன். லீவு போட்டுவிட்டு வந்து பார்த்துக்கொண்டேன். இருமினால் ரத்தம். இனிமேல் நாள் கணக்குத்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெரியம்மா ஓடிப்போய்ப் பங்குச் சாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சாகிறவர்களுக்கு எண்ணெய் தொட்டு வைத்துப் பாவமன்னிப்புக் கொடுப்பதை அவஸ்தை பூசுவது என்போம். அது இல்லாமல் செத்தால் நரகம்தான் என்பதில் பெரியம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. அந்த நம்பிக்கையில்தான் அவள் வளர்ந்தாள்.

சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு வந்தார். ஆனால் வாசலிலேயே நின்றார். பையனை நிறுத்திவிடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல் தானியேல், அது போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அருளப்பனுக்குக் கடைசி வருஷம். பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச மாதம்தான். அவன் ஓடிவந்து சாமியார் காலில் விழுந்தான். நான் நின்றுவிடுகிறேன் சாமி, நாளைக்கே போய்ப் பேரை நீக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன், அப்பாவுக்கு அவஸ்தை பூசுங்கள் என்று அழுதான். பெரியம்மா புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்று சொல்லுங்கள் என்று அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

பெரியப்பா என் கையைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"சாமி, நான் படிக்க வந்தப்பவும் ஒரு வழி இருக்குதுன்னாங்க, பின்பக்கமா. இப்ப சாவப்போறேன். இதுக்கும் அதே மாதிரி ஒரு வழி சொல்றீங்க. எம்புள்ள பரீட்ச எழுதட்டும். நான் எப்படியோ போய்க்கிறேன்."

சாமியார் சிமிழை அங்கிக்குள் வைத்துக்கொண்டு இறங்கி நடந்தார். பெரியம்மா தெருவில் அவர் பின்னாலேயே ஓடி, மண்ணில் விழுந்து காலைக் கட்டிக்கொண்டாள். அவர் அவளைத் தூக்கிவிட்டு, என்னால் முடியாது அம்மா, எனக்கு அந்த அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவள் திரும்பி வந்தபோது பெரியப்பா போய்விட்டிருந்தார்.

கோயில் மணி அடிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்திலேயே சேரிக்காரர்களுக்கு ஒரு மூலைதான். அந்த மூலையும் கிடைக்காமல், சுவருக்கு வெளியே முள்ளை வெட்டிக் குழி தோண்டினோம். மக்பூல் சாயபு ஷாப்பைச் சாத்திவிட்டு வந்து பாடைக்குத் தோள் கொடுத்தார். சுண்ணாம்புக் குழி ஆட்களும், பட்டை இடிக்கிற பெண்களும் வந்தார்கள். ஊர்த்தெருக்காரர்கள் வரவில்லை. சாமியார் இல்லாததால் ஜெபம் சொல்ல ஆளில்லை. அருளப்பன் சொல்ல ஆரம்பித்து, பாதியில் முடியாமல் நின்றுவிட்டான். மீதியைப் பெரியம்மா சொன்னாள்.

அருளப்பன் தேறினான். திருப்பத்தூரில் வாத்தியார் வேலையும் கிடைத்தது. அவன் பள்ளியை விட்டு வந்த பிறகு ஒரு நாள் பங்குச் சாமியார் பெரியம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் கூடப் போனேன். அவர் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன். தடை முடிந்துவிட்டது அன்னம்மா என்றார். ஒருமுறை தம்மிடம் பாவத்தை அறிக்கையிட்டு, பாவசங்கீர்த்தனம் செய்து, பையனை அங்கே அனுப்பியது தப்பு, மன்னியும் என்று சொல்லிவிட்டால், வருகிற ஞாயிற்றுக்கிழமையே நன்மை வாங்கலாம் என்றார். நான் பெரியம்மாவைப் பார்த்தேன். ஆறேழு வருஷமாக இதற்காக ஏங்கித் தேய்ந்தவள். இப்போது ஓடிப்போய் முழங்காலில் விழுவாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

"தப்புன்னு நான் சொல்லிட்டா, எனக்கு நன்மை கெடைக்கும். அவருக்கு இன்னா கெடைக்கும் சாமி?"

அவளே தொடர்ந்து பேசினாள்.

"நான் அவரோட சண்ட போட்டேன். ஆனா அனுப்புனது நாங்க ரெண்டு பேரும். நீங்க சொல்றபடி பாத்தா அவரு இப்ப எரிஞ்சிக்கிட்டு இருக்கறாரு. நான் மட்டும் மன்னிப்பு கேட்டு மோட்சத்துக்குப் போய் இன்னா பண்ணப்போறேன்? அவரு போன எடத்துக்கே நானும் போறேன்."

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். வீடு வரும்வரை ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வந்தாள். அதற்கப்புறம் எட்டு வருஷம் உயிரோடு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போனாள். நன்மை வாங்க எல்லாரும் எழுந்து போகும்போது, அவள் மட்டும் இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.